மூன்றாம் எண்

— மோதிரத்தைக் கழட்டு அண்ணே. வாட்சையும்.

— இது சர்வர் ரூமா, ஆபரேஷன் தியேட்டரா?

— மின்சாரத்துக்கு மோதிரம்னா ரொம்பப் பிடிக்கும். இந்தா, இந்தப் பட்டையை மணிக்கட்டுல மாட்டிக்கோ. அந்த முனையை இந்த ரேக் அலமாரியோட இரும்புல கவ்வ விடு.

— மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. எதுக்கு பாப்பா இது?

— ஸ்வெட்டரைக் கழட்டும்போது சுருக்னு ஒரு பொறி அடிக்கும்ல? உனக்கு அது கூச்சம். உள்ள இருக்கிற சில்லுக்கு அது இடி.

— கண்ணுக்குத் தெரியாத இடி! அது சரி. இந்தப் பெட்டிக்குப் பின்னாடி எதுக்கு ரெண்டு கரண்ட் ஒயர்?

— ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல ஓடும். அதனால திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் பிடுங்கணும். ஒண்ணைப் பிடுங்கிட்டு செத்துப்போச்சுன்னு கையை விட்டவங்க இருக்காங்க.

— அம்மாடி. பீரோ, கட்டில்னு வீடு மாத்தித் திரியறவனை எதுக்கு இந்தக் குளிர்ல கொண்டுவந்து நிறுத்தியிருக்கே?

— ஹெல்பருக்குக் காய்ச்சல். இந்த டிஸ்க் பெட்டி அம்பது கிலோ, ரெண்டு பேர் இல்லாம தொடக்கூடாதுன்னு விதி. மேனேஜர் சார்கிட்ட உனக்காக எழுதியே அனுமதி வாங்கியிருக்கேன். இன்னியோட என் மூணு மாச சோதனைக் காலம் முடியுது. ஆறு மணிக்குள்ள இந்த ரத்தப் பரிசோதனை லேப்ல எல்லாம் ஓடினா வேலை நிரந்தரம்.

— ஓடலேன்னா?

— வீட்டுக்கு. போன வாரம் ஒரே நாள்ல அவருக்கு நாலு தடவை ஃபோன் பண்ணி சந்தேகம் கேட்டேன். இன்னொரு தடவை கேள்வியோட ஃபோன் வந்துச்சுன்னா, அன்னியோட சரின்னுட்டார். அதனால எதை எங்க மாட்டணும்னு ஆபீஸ்ல குடுத்த தாள்ல என்ன இருக்கோ அதுதான். வாயைத் திறக்கப் போறதில்ல.

— நீயா? கேள்வி கேட்டே ஸ்கூல் வாத்தியாரை லீவு போட வச்சவளா?

— சும்மா இரு. தாளைப் பாரு, டிஸ்க் பெட்டி மூணாம் எண். ரேக்ல எண் அச்சடிச்சிருக்கு. மேல ஒண்ணு, அதுக்குக் கீழ ரெண்டு, மூணு... அடியில நாப்பது.

— மூணு என் தலைக்கு மேல இருக்கே.

— அதுக்குத்தான் இந்த லிஃப்ட் வண்டி. கைப்பிடியைச் சுத்து, பெட்டி தானா மேல போகும்.

— ஒரு சந்தேகம்.

— வேண்டாம்.

— ஒண்ணே ஒண்ணு பாப்பா. கனமானது மேல, கீழ காலியா? வண்டியில நான் இப்படி ஏத்தினா முதல் வளைவுலயே முதலாளி என்னை இறக்கி விட்டுருவார்.

— தாள்ல அப்படித்தான் இருக்கு.

— அது சரி. சுத்தறேன்.

— மெதுவா... இன்னும் ஒரு விரக்கடை... நிறுத்து. தள்ளு. ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் கேக்கணும்.

— கேட்டுச்சு. அவ்வளவுதானா?

— இழுத்தும் பாக்கணும். டிஸ்க் மாத்தறதுக்காக மேசை டிராயர் மாதிரி வெளிய வரும். ரேக்கோட முன்காலை நீட்டி விட்டாச்சு. நீ எதிர்ல நிக்காதே, பக்கவாட்டுல நில்லு.

— பாப்பா.

— இரு, பாதிதான் வந்திருக்கு.

— பாப்பா, விளையாடல. பின்பக்கம் தரையை விட்டுத் தூக்குது!

— தள்ளு! உள்ள தள்ளு! கையை நடுவுல விடாதே!

— தள்ளிட்டேன், தள்ளிட்டேன். நின்னுடுச்சு. நீ மூச்சு விடு.

— பூட்டு சரியா விழுந்துச்சான்னு பாக்கறேன் அண்ணே.

— நல்லாப் பாரு. பீரோ ஒருத்தன் மேல சாய்ஞ்சதைக் கண்ணால பாத்தவன் நான். அந்தத் தாள்ல மிச்சம் என்ன எழுதியிருக்கு, படி.

— ரெண்டாவது டிஸ்க் பெட்டி ஏழு. சர்வருங்க நடுவுல. ஒயர் சொருகுற பலகை, அது இறகு கணக்கா இருக்கும்... முப்பத்தொம்பது.

— கனமெல்லாம் மேல, இறகு அடியில. எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கு இது?

— நான் இதுவரைக்கும் மாட்டின ரேக்ல எல்லாம் ஒண்ணு அடியில இருக்கும் அண்ணே. கீழேர்ந்து மேல எண்ணுவாங்க. இந்தப் புது ரேக்ல மட்டும் மேலேர்ந்து போகுது. தாள் போட்டவர் மூணுன்னா அடின்னு நெனச்சிருக்கார்.

— இது இப்பதான் தெரிஞ்சுதா?

— ...காலையில பெட்டியைப் பிரிக்கும்போதே கண்ணுல பட்டுச்சு. கேட்டா வேலை போயிடும்னு முழுங்கிட்டேன்.

— சரி விடு. இறக்கி அடியில மாட்டிடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?

— இந்தத் தாள் இங்க கதவுல தொங்கும். நாளைக்கு வேற ஒருத்தன் வந்து, தாளை நம்பி மூணாம் எண்ணைத் தேடுவான். டிஸ்க்குன்னு நெனச்சு வேற எதையாவது பிடுங்குவான். எத்தனை பேரோட ரத்த ரிப்போர்ட் இதுல இருக்கு தெரியுமா?

— அப்ப ஃபோன் பண்ணு.

— மூணு மாசமும் வீணாப் போயிடும்.

— எதிர்ல நிக்காதேன்னு நீ சொல்லாம இருந்திருந்தா நானே போயிருப்பேன்.

— அப்படியெல்லாம் பேசாதே... ஸ்பீக்கர்ல போடறேன். நீ குறுக்க வராதே.

— சொல்லும்மா. காலையிலேர்ந்து உன் ஃபோனே வரலையே, தேறிட்டேன்னு இப்பதான் நெனச்சேன்.

— சார், கேள்வி இல்ல. ஒரு தப்பைச் சொல்லணும். இந்தப் புது ரேக்ல எண் மேலேர்ந்து போகுது. நம்ம தாள் கீழேர்ந்து எண்ணியிருக்கு. டிஸ்க் பெட்டியை உச்சியில மாட்டிட்டேன், இழுத்ததும் ரேக் முன்னால சாய்ஞ்சுது. யாருக்கும் அடி இல்ல. எல்லாத்தையும் இறக்கி மாட்டணும், ஆறு மணிக்கு முடியாது. காலையிலேயே பாத்துட்டேன் சார். கேக்காம விட்டது என் தப்புதான்.

— ஃபோனை வைம்மா, உடனே வை! அதே தாளும் அதே ரேக்கும் இன்னிக்கு அஞ்சு இடத்துக்குப் போயிருக்கு, மத்தவங்களை நிறுத்தணும். கூப்பிட்டது நீ ஒருத்திதான்.