ஆறாம் நம்பர் ஜோடி

– ரெண்டும் வேணும்ணே.

– எது ரெண்டும்?

– செருப்புதான். இந்தப் பழுப்புல வலதும் வேணும், இடதும் வேணும்.

– கடை திறந்ததும் திறக்காததுமா கிண்டலா டீச்சர்? வலது கால் செருப்பு எடுத்து வச்சாச்சு. போட்டுப் பாருங்க. ஹீல் தாழ்வா இருக்கு, கக்கத்துக் கட்டை ஊனி நடக்க வசதி.

– கிண்டல் இல்ல. ஜோடியா குடுங்க.

– யாருக்காவது பரிசு குடுக்கவா?

– எனக்குத்தான்.

– எட்டு வருஷத்துல நீங்க இடது கால் செருப்பு கேட்டதே இல்லையே.

– எட்டு வருஷமா எனக்கு இடது காலே இல்லையே!

– அப்போ... இப்போ...

– வருது. நாளைக்கு. செயற்கைக் கால் செய்ற இடத்துல ரெடி பண்ணி வச்சிட்டாங்க. என் வலது காலை அளவெடுத்து, அதை அப்படியே இடம் வலமாத் திருப்பிப் போட்டுச் செஞ்சிருக்காங்க. கெண்டைச்சதை கூட அச்சு அசலா இருக்கு. ஜோடிச் செருப்போட வாங்கன்னு சொன்னாங்க. ஹீல் உயரம் பார்த்துதான் காலை நிறுத்தணுமாம். அரை அங்குலம் தப்பினாலும் இடுப்பு கோணிக்குமாம்.

– அடடே! இதை முதல்ல சொல்றதில்லையா டீச்சர்? உக்காருங்க, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?

– டீ வேண்டாம். முழுசாக் கேளுங்க. கால் ரெடியாகி மூணு மாசம் ஆச்சு.

– மூணு மாசமாவா? அப்புறம் ஏன் நாளைக்கு?

– ரெண்டு தடவை நாள் குடுத்தாங்க. ரெண்டு தடவையும் நான் போகலை.

– பயமா?

– பயமெல்லாம் இல்ல.

– வலிக்கும்னு யாராவது கிளப்பி விட்டாங்களா?

– அட, அது இல்லண்ணே... நான் ஜோடியா வாங்கிட்டா, அவங்க என்ன பண்ணுவாங்க?

– எவங்க?

– தெரியாத மாதிரி முழிக்காதீங்க. இடதுகால்காரங்க.

– ...ஓ.

– ஓவா? எட்டு வருஷமா ஒரு பெட்டியை நடுவுல பிரிச்சு, எனக்கு வலது, அவங்களுக்கு இடதுன்னு குடுக்கிறீங்க. பதினாலு ஜோடி ஆச்சு. எண்ணி வச்சிருக்கேன். பெட்டி ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை அவங்களுக்கு. இந்தத் தடவை பெட்டி அவங்க முறை. அவங்களை அம்போன்னு விட்டுட்டு நான் மட்டும் ஜோடியோட நடந்து போனா நல்லாவா இருக்கும்?

– கொஞ்சம் மெதுவாப் பேசுங்க டீச்சர்.

– ஏன்? கடையில நம்ம ரெண்டு பேரைத் தவிர ஈ காக்கா இல்லையே.

– இல்ல... சும்மாதான் சொன்னேன். அதுக்காகவா மூணு மாசம் தள்ளிப் போட்டீங்க? நல்ல ஆளு நீங்க! அவங்க வேற யார்கூடவாவது ஜோடி சேர்ந்துக்குவாங்க.

– யார்கூட? அதே ஆறாம் நம்பர், அதே மாதிரி ஒத்தைக்கால், இவங்களுக்கு வலது இல்லேன்னா எதிராளிக்கு இடது இருக்கக் கூடாது. தெருவுக்குத் தெரு கிடைக்கிறாங்களா அப்படி? எனக்குக் கிடைச்சதே அதிர்ஷ்டம்.

– அதுவும் சரிதான்.

– முதல் நாள் நான் இங்க வந்தது ஞாபகம் இருக்கா?

– மறக்க முடியுமா? ஒரு செருப்பு மட்டும் விற்பீங்களான்னு கேட்டீங்க. முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன்...

– நான் உங்களைப் பார்க்கவே இல்ல. அந்தக் கண்ணாடியைப் பார்த்துட்டிருந்தேன். தரையில சாய்ச்சு வச்சிருக்கீங்களே, முழங்கால் வரைக்கும் தெரியுமே, அதை. வலது காலை அதை ஒட்டிப் பக்கவாட்டுல வச்சேன். உள்ள இன்னொரு கால் தெரிஞ்சுது. இடது கால். அதே செருப்போட. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல... ஆஸ்பத்திரியில கூட அழாதவ அன்னிக்கு இங்க அழுதுட்டேன்.

– பார்த்தேன்.

– பார்த்தீங்க. பார்த்துட்டு, "உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தங்க இருக்காங்க டீச்சர், பாதி பாதியா எடுத்துக்கோங்க"ன்னு சொன்னீங்க. அந்த வார்த்தையிலதான் நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

– ம்.

– கேலி பண்ணாதீங்க, ஒண்ணு சொல்றேன். வகுப்புல சமச்சீர் பாடம் நடத்துவேன். தாள்ல மை ஒரு சொட்டு விட்டு, நடுவுல மடிச்சு, பிரிச்சா வண்ணத்துப்பூச்சி வரும். பசங்களுக்கு அவ்வளவு குஷி. பாதியை வரைஞ்சு குடுத்தா மீதியை வரையாம விட மாட்டாங்க. யாரும் சொல்லித் தர வேண்டாம். பாதியைப் பார்த்தாலே கை பரபரங்கும்.

– எனக்கும்தான். ஷோகேஸ்ல ஒரு செருப்பு சரிஞ்சு கிடந்தாக்கூடச் சாப்பாடு இறங்காது.

– போன வாரம் ஒரு பொண்ணு எழுந்து, "டீச்சர், நீங்க சமச்சீரா?"ன்னு கேட்டா.

– ஐயையோ! அறைஞ்சீங்களா?

– அறையறதா? சிரிச்சுட்டேன். "என் மறுபாதி வேற ஒரு வீட்ல நடந்துட்டிருக்கு"ன்னு சொன்னேன். உடனே அவளே கேட்டா, "அவங்க பாதி நம்ம பள்ளிக்கூடத்துல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"ன்னு. தெரியுமாண்ணே?

– என்னை ஏன் கேக்கறீங்க?

– உங்களைக் கேக்காம யாரைக் கேக்கறது? அவங்க பேர் சொல்ல மாட்டீங்க, வீடு சொல்ல மாட்டீங்க. கூச்ச சுபாவம்னு ஒரே பாட்டு. இந்தத் தடவை விட மாட்டேன். விலாசம் குடுங்க. நானே போய், "அம்மா, இனிமே எனக்கு ரெண்டும் வேணும், மன்னிச்சுக்கோங்க"ன்னு நேர்ல சொல்லிட்டு வந்துடறேன். அப்பத்தான் நாளைக்கு அந்தக் காலை மாட்டிக்க மனசு வரும்.

– விலாசமா... அவங்க ஊர் மாறிப் போயிட்டாங்க டீச்சர்.

– எப்போ?

– போன மாசம்.

– போன செவ்வாய்க்கிழமை நான் போன்ல கேட்டதுக்கு, "நீலம் வேண்டாம், பழுப்பே எடுங்கன்னு சொன்னாங்க"ன்னு நீங்கதானே சொன்னீங்க?

– அது... போன்ல சொன்னாங்க.

– போன மாசம் போனவங்க போன வாரம் போன்ல. சரி. கணக்கு டீச்சர்கிட்ட இப்படிக் கதை விடறீங்களே, பாவமா இருக்கு.

– டீச்சர்...

– எப்பவுமே அப்படித்தான். நான் எது கேட்டாலும் உடனே பதில் வந்துடும். சாயங்காலம் கேட்டா மறுநாள் காலையில ரெடி. பச்சை பிடிச்சிருக்காம். வார் கடிக்குதாம். ஈரத் தரையில வழுக்காத அடி வேணுமாம். நானும் சந்தோஷமாக் கேட்டுக்கிட்டேன். ஆனா இந்த மூணு மாசமா யோசிச்சுப் பார்த்தா...

– என்ன யோசிச்சீங்க?

– அப்படி ஒருத்தங்க இல்லவே இல்லையோன்னு.

– என்ன சொல்லச் சொல்றீங்க?

– உண்மையை. இருக்காங்களா, இல்லையா?

– நாளைக்குப் போய்க் காலை மாட்டிக்குவீங்களா?

– முதல்ல பதில் சொல்லுங்க.

– முதல்ல நீங்க சொல்லுங்க. மாட்டிக்குவீங்களா, இல்ல மூணாந்தடவையும் ஏமாத்துவீங்களா?

– அவங்க இருந்தா... தெரியலை. இல்லேன்னா தள்ளிப் போடக் காரணமே இல்லையே.

– அப்போ கேட்டுக்கோங்க. இல்ல.

– என்ன இல்ல?

– அப்படி யாரும் இல்ல டீச்சர். நானாக் கட்டி விட்டது. அன்னிக்கு நீங்க கண்ணாடி முன்னாடி நின்னதைப் பார்க்கச் சகிக்கலை. வாயில வந்ததைச் சொன்னேன். அப்புறம் நீங்க கேக்கக் கேக்க, நான் சொல்லச் சொல்ல... வளர்ந்துடுச்சு.

– பதினாலு இடது காலும்?

– பரண்ல கிடக்கு. மூட்டை கட்டிப் போட்டிருக்கேன்.

– பச்சை பிடிச்சிருக்குன்னு சொன்னது?

– நான்தான்.

– வார் கடிக்குதுன்னு?

– அதுவும் நான்தான். நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கோங்க. யாரும் வெறுங்காலோட நிக்கப் போறதில்லை. நிம்மதியாப் போய்ட்டு வாங்க. பழுப்பு ஜோடியாவே கட்டித் தர்றேன். பெட்டியும் உங்களுக்கே. டீச்சர்? அழறீங்களா என்ன?

– நிம்மதியாத்தான் இருக்கணும்... இல்லையே. இருங்க, மூக்கைத் துடைச்சுக்கறேன்.

– தண்ணி தரட்டுமா?

– வேண்டாம். உங்க மேல கோபம் இல்ல. உதவின்னு நினைச்சுச் செஞ்சீங்க. ஆனா உங்களுக்குத் தெரியாது, நான் அவங்களோட எவ்வளவு தூரம் போயிட்டேன்னு.

– எங்க போனீங்க?

– எங்கயும்தான். பஸ்ல யாராவது என்னைப் பாவமாப் பார்த்தா, இந்நேரம் அவங்களையும் எங்கயோ ஒருத்தர் இப்படித்தான் பார்த்துட்டிருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன். பாதி பாரம் இறங்கிடும். மாடிப்படியில வழுக்கி விழுந்தேன் பாருங்க ஒரு தடவை, எழுந்ததும் முதல்ல தோணினது, அவங்க விழுந்திருக்கக் கூடாதேன்னுதான். இல்லாத கால் அரிக்கும்ணே. சொரியறதுக்கு ஒண்ணும் இருக்காது. வெறும் காத்துதான். அப்போ கேப்பேன், உங்களுக்கும் அரிக்குதாம்மான்னு.

– வாய் விட்டா?

– வாய் விட்டுத்தான். பைத்தியம்னு சொல்லுங்க.

– சொல்ல மாட்டேன்.

– புதுச் செருப்பு போட்டா, முதல் நாள் அவங்களுக்கும் குதிகால்ல தோல் உரியுமேன்னு பஞ்சு வச்சுக்கச் சொல்லுவேன். அவ்வளவு நிஜம் எனக்கு. என் அக்கா தங்கச்சிகிட்ட கூட இவ்வளவு பேசினதில்லை. அவங்களுக்கெல்லாம் ரெண்டு கால் இருக்கு, என்ன புரியும்? நாளைக்கு எனக்கும் கால் வந்துடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி டக் டக்னு சத்தம் கேக்கும். எட்டு வருஷமா அந்தச் சத்தத்துக்காக ஏங்கிட்டிருந்தேன். ஆனா அதைச் சொல்ல ஓடி வர்றதுக்கு ஆள்...

– என்கிட்ட வந்து சொல்லுங்க டீச்சர்.

– உங்ககிட்ட சொல்லலாம். நீங்க நல்லவர். ஆனா... அப்போ இத்தனை வருஷமா நான் யார்கிட்டண்ணே பேசிட்டிருந்தேன்?

– என்கிட்டதான் டீச்சர்.

– ஏய்! நீ ஏன் வாயைத் திறந்தே? உள்ள இரு!

– யாரு... பொம்பளைக் குரலா இருக்கே, அந்த உள் அறைத் திரைக்குப் பின்னால யாருண்ணே?

– நான் இவரோட சம்சாரம் டீச்சர். இவரைத் திட்டாதீங்க, நான் யாருன்னு மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். வலது கால் போனதுலேர்ந்து இந்த அறையை விட்டு நான் வெளிய வரலை. நீங்க வர்ற நாளெல்லாம் இந்தத் திரையை ஒட்டி உக்காந்து உங்க குரலைக் கேட்டுட்டிருப்பேன். நீங்க ஒரு நிறம் எடுத்தா, அதை எங்க போட்டுட்டுப் போவீங்கன்னு அன்னிக்கு முழுக்க நினைச்சுப் பார்ப்பேன். பச்சை நிஜமாவே பிடிச்சிருந்துது... எனக்கும் அரிக்கும் டீச்சர், மழை வர்றதுக்கு முன்னாடி. நீங்க நாளைக்குக் கண்டிப்பாப் போய்க் காலை மாட்டிக்கணும், என்னைக் காரணம் சொல்லித் தள்ளிப் போட்டா நான் சும்மா விட மாட்டேன். அந்தக் கால் செய்ற இடத்துல என்னையும் அளவெடுப்பாங்களான்னு கேட்டுட்டு வாங்க... ஏங்க, மசமசன்னு நிக்காம அந்தத் திரையை விலக்குங்க. நான் வெளிய வர்றேன்.