ஓடு கிழிந்த பின் இரண்டு நாள்

ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் பெரியவர் அவர்களே! பல்லியைக் கண்டாலே பத்தடி பாயும் உலகத்தில் பாம்பைப் பக்கத்தில் வைத்து வாழும் பெருமக்களே! "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டில் ஓர் அறையை விட்டுக்கொடுத்த தாய்மார்களே! நான் என்ன உளறப் போகிறேனோ என்று மூன்றாம் வரிசையிலிருந்து முறைக்கும் என் துணைவியே! எல்லோர்க்கும் என் எளிய வணக்கம்.

நான் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன். முட்டை பொரிப்பதைப் பற்றிப் பேசு என்றார் செயலாளர். (சிரிக்காதீர்கள் அம்மா, சமையல் அல்ல, குட்டி வரும் பொரிப்பு!) எப்படிப் பொரிப்பது என்று சொல்ல ஏடுகள் ஆயிரம். எப்படிக் கெடுப்பது என்று சொல்ல என்னைவிட்டால் யார்?

என்னிடம் இருப்பது ‘பால் பைதான்’ (Ball Python), அதாவது பந்துப் பாம்பு. சீறாது, சினக்காது, பயந்தால் பந்தாய்ச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் மலைப்பாம்பு. என் பெண் பாம்பு ஒரு காலையில் ஆறு முட்டை இட்டு, சுற்றி வளைத்துப் படுத்திருந்தது. தோல் போர்த்தியது போன்ற வெள்ளை முட்டைகள். மெல்ல எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் கோடு போட்டேன். ஏன் கோடு? முட்டை உருண்டால் உள்ளே கரு மூச்சுமுட்டிப் போகும். மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். குளிர்பானக் கடையில் கழித்துப் போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜை வாங்கிவந்து, குளிர வைத்த பெட்டியைச் சூடு தரும் பெட்டியாக மாற்றினேன். முப்பத்தொன்றரை டிகிரி. ஏறவும் விடவில்லை, இறங்கவும் விடவில்லை.

"அந்த ரூமைப் பெருக்க மாட்டேன், எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள் வீட்டுக்காரி. சொன்னபடியே இருந்தாள்.

ஐம்பத்தாறாம் நாள் காலை, ஒரு முட்டையில் கீறல். கீறலில் ஒரு மூக்கு! அன்று பார்த்து வீட்டில் விருந்தாளி, மனைவியின் அண்ணன். மூன்று மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டியவர்.

"என்ன மாப்ள, மூக்கை மட்டும் காட்டி அனுப்பிடுவீங்களா?"

"வெளிய வர ரெண்டு நாள் ஆகும் மச்சான்."

"அதான் ஓடு கிழிஞ்சிருச்சே! இன்னும் உள்ள என்ன வேலை?"

அவையோரே, அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் வேலை. தெரியும்! தெரிந்தும் என் கை போனது. அறியாமையாலா? அல்ல. அவசரத்தாலா? அதுவும் அல்ல. மச்சான் முன்னால் மார்தட்டும் ஆசையால்!

இழுத்தேன். ஒன்றரைச் சாண் உயிர் வந்தது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவின் பை ஓட்டில் சிக்கிக் கிழிந்தது. மச்சான் படம் எடுத்தார், ரயில் ஏறினார். மாலை ஐந்தரைக்குக் குட்டி அசைவை நிறுத்தியது.

அங்கே ஓர் ஐயா உச்சுக் கொட்டுகிறார். கொட்டுங்கள் ஐயா. நானும் கொட்டினேன், அது எழவில்லை.

என் சத்தமே கேட்காததால், வராதவள் அறைக்குள் வந்தாள்.

"அதுவா வந்துச்சா, நீங்க இழுத்தீங்களா?"

"நான்தான் இழுத்தேன்."

அவள் கத்தவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்தாள். "நம்ம பொண்ணு எட்டாம் மாசம் பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தாளே. வெளிய எடுத்துக் காட்டுங்கன்னு உங்க அக்கா நர்ஸைக் கேட்டப்ப, நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் தொடக்கூடாதுன்னு..."

"சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். கண்ணாடிக் கதவைப் பூட்டினாள். சாவி அவள் கைப்பைக்குள் போனது. எட்டிப் பார்க்க மாட்டேன் என்றவள், கண்ணாடி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிகிரியைக் குறித்துவைத்தாள். மறுநாள் மூன்று தலைகள். ஒன்று எட்டிப் பார்க்கும், உள்ளே போய்விடும். என் கை பரபரக்கும். "கை சும்மா இருக்கலன்னா போய்ப் பாத்திரம் கழுவுங்க" என்பாள். கழுவினேன், பெருமக்களே! கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்!

மூன்றாம் நாள் ஐந்து ஓடுகள் காலி; ஐந்து குட்டிகள் முழுசாய். ஒரு வாரத்தில் முதல் சட்டை உரித்ததும், ஒன்றை விரலால் தொட்டாள். "என்னங்க, வழவழன்னு இருக்கும்னு நெனச்சேன். காஞ்ச காகிதம் மாதிரில்ல இருக்கு!"

சூடு கொடுக்கக் கற்றோம், ஈரம் காக்கக் கற்றோம். கையைக் கட்டிக்கொண்டு நிற்க எப்போது கற்கப் போகிறோம்? உயிர் நம் ரயிலுக்கு நேரம் பார்த்தா வரும்? அது வரும்போது வரட்டும்! வரும் வழியில் வரட்டும்! வளர்ப்பவன் வேலை வழிவிடுவது!

தலைவர் அவர்களே, இட்ட முட்டை எல்லாம் பொரித்தவன் என்று எனக்குத் தர ஒரு கேடயம் மேசைமேல் இருக்கிறது. தவறு உங்களுடையது அல்ல. முட்டை ஐந்து, குட்டி ஐந்து என்று படிவத்தில் எழுதியவன் நான். அதை வேறொருவருக்குக் கொடுங்கள். செயலாளர் அவர்களே, பேனாவை எடுத்துத் திருத்துங்கள். முட்டை ஆறு. பிழைத்தது ஐந்து. ஒன்றை வளர்த்தவனே கொன்றான்.

எழுதியாயிற்றா? நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, தலைநிமிர்ந்தே இறங்குகிறேன். வணக்கம்!