தீக்கு நடுவில் ஒரு முகம்

உட்காருங்கள், தோழர். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் போதும்.

யெஃபீம் சப்ரீக்கினின் வழக்கை மறுபடி விசாரிக்க மாஸ்கோவில் யாராவது என்னைத் தேடி வருவார்கள் என்று கால் நூற்றாண்டாக எதிர்பார்த்திருந்தேன். அவருடைய மகள் லூஷா மனு கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். சுடப்பட்ட தந்தை குற்றமற்றவர் என்று ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். நியாயமான ஆசை.

செய்திப்பட நிலையத்தில் நான் படத்தொகுப்பாளர். படச்சுருளுக்குப் பஞ்சமான காலம். எந்தத் துண்டையும் எறிய மாட்டோம், ஆணிகளில் தொங்கவிடுவோம். சக்கரங்களுக்கு ஓர் ஆணி, கூட்டங்களுக்கு ஓர் ஆணி, முகங்களுக்கு ஓர் ஆணி. முகத்துக்குத் தனியாகப் பொருள் கிடையாது, பக்கத்தில் ஒட்டுவதுதான் பொருள் தரும் என்பது மாண்டேஜில், அதாவது துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் கலையில், எங்கள் முதல் பாடம். ஒரே முகம்தான். ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் பசி, காலித் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கம்.

நெசவாலை தீப்பிடித்தபோது தீயை மட்டும் எடுத்து வந்தார்கள். ஒட்டிப் பார்த்தேன், உயிரில்லை. நிலையத் தலைவர் ரோதியோன் இல்யீச் எல்லோர் முன்னாலும் என்னிடம், "என்ன காபா, குளிர்காயவா படம் எடுத்தோம்? மனுஷன் எங்க?" என்றார்.

முகங்களின் ஆணியில் அதே ஆலையின் மே தின விழாத் துண்டு இருந்தது. ஆலை மெக்கானிக் சப்ரீக்கின் புன்னகைக்கிறார். தீ, புன்னகை, மறுபடி தீ. ஒட்டினேன்.

ஆலைத் தொழிலாளர் மன்றத்தில் திரையிட்டபோது அரங்கம் மூச்சடங்கிப் போனது. பிறகு ஒருத்தி, "நம்ம யெஃபீம்தானே அது? எரியறதப் பாத்து இளிக்கிறான் பாரு" என்றாள்.

தீ வைத்தவர் அவர்தான் என்று கொண்டுபோனார்கள். நீதிமன்றத்தில் படத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

"அது வேற நாளுங்க. என் பொண்ணப் பாத்துத்தான் சிரிச்சேன்" என்றார் அவர்.

இரண்டும் ஒரே நாளில் எடுத்தவையா என்று என்னிடம் கேட்டார்கள்.

"படத்துல எப்படி வருதோ அப்படித்தான்" என்றேன்.

அது பொய் ஆகாது என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. எழுதுங்கள். அந்த விழாவில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான். அவர் விறைத்துப்போய் நின்றார். சிரிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசைந்தது. கூட்டத்திலிருந்த லூஷாவைத் தூக்கி என் தோளில் உட்காரவைத்தேன். குழந்தை கையசைத்தது. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. நீதிமன்றத்தில் அவர் கண்கள் என்னைத் தேடின. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமா என்று கேட்கிறீர்கள். பயப்படாதவர் யாரும் இல்லாத காலம் அது. ஆனால் காரணம் அதுவல்ல. உண்மையைச் சொல்லியிருந்தால், தீயோடு அந்த முகத்தைச் சேர்த்த ஒட்டைப் பிரிக்கச் சொல்லியிருப்பார்கள்.

தெரிந்தேதான் அவரைக் கொன்றேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். லூஷாவுக்குத் தாள் கிடைக்கட்டும்.

ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ள முடியுமா, தோழர்? தீயிலிருந்து அவர் முகத்துக்குத் தாவும் அந்த வெட்டு மிகச் சரியான இடத்தில் விழுந்திருந்தது.