அடுத்து வர்றவங்களுக்கான விறகு

— இறங்காதீங்க அத்தான்! கல்லைப் போட்டுப் பார்த்துட்டேன், ஆழமே தெரியல. மோட்டார் சைக்கிளோட சேர்த்து நம்மளையும் உருட்டிட்டுப் போயிரும் இந்த ஆறு.

— போன மாசம் இதே இடத்துல முழங்கால் தண்ணிடா உய்குன்.

— போன மாசம் மழை இல்ல. இப்ப மூணு நாளா வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, நடுநடுவுல பனி வேற. ஓட்டற உங்களுக்கு என்ன, இஞ்சின் சூடாவது இருக்கு. சைட்கார்ல உட்கார்ந்து வர்ற எனக்குக் கால் ரெண்டும் இருக்கா இல்லையான்னே தெரியல.

— நேரமில்லடா. இன்னைக்கு வியாழன். சனிக்கிழமை கல்யாணம். உஸ்த்-நேரா போய்ச் சேர இன்னும் முந்நூறு கிலோமீட்டர் சேறு இருக்கு.

— கூப்பிடாத கல்யாணத்துக்கு எதுக்கு இந்தப் பறப்பு?

— கூப்பிடலன்னா? குன்னேய் என் பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா? எவனோ ஒரு லாரிக்காரன் டீ குடிச்சுக்கிட்டே சொல்றான், உன் மகளுக்குக் கல்யாணமாமேன்னு. பல்லைக் காட்டி ஆமாம்னேன். வேற என்ன பண்ண?

— ஆறு வருஷமா உங்ககூடப் பேசாதவ எப்படிச் சொல்லுவா?

— உங்கக்கா உயிர் போகும்போது நான் இதே வண்டியில வடக்கே எங்கயோ சுத்திக்கிட்டு இருந்தேன். வந்து சேர்ந்தப்ப மண்ணு போட்டு நாலு நாள் ஆச்சு. 'நீ எப்பவும் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வருவே'ன்னா குன்னேய். அதோட சரி. இந்தத் தடவையும் முடிஞ்சப்புறம் போய் நின்னேன்னு வையி, அப்புறம் அவ மூஞ்சில முழிக்க நான் இருந்து என்ன, போயி என்ன?

— போறதுக்குத்தான் ஆத்துல இறங்கப் பாக்கறீங்களே. பொறுங்க, முதல்ல ஆத்துக்கு ஒரு வாய் போடுவோம். வெண்ணெய் அப்பம் ஒண்ணு மிச்சம் இருக்கு.

— அதையும் நீ தின்னுட்டேன்னு நெனச்சேன்.

— பாதி தின்னுட்டேன். ஆத்தா, இந்தா மீதி. கொஞ்சம் இறங்கிக்கோ தாயி, இந்த ஆளு தொல்லை தாங்கல.

— உசரமான லாரி ஏதாவது வந்தா வண்டியைத் தூக்கிப் போட்டுக் கடந்துடலாம். இங்கயே நிப்போம்.

— நிக்கலாம். ஆனா காலையிலேர்ந்து எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு அத்தான்.

— மறுபடியும் அந்த விறகா?

— விறகுதான். நேத்து தங்கின வழிப்போக்கர் குடிசையில இருந்த காஞ்ச விறகு மொத்தத்தையும் நாம எரிச்சோம். காலையில ஒரு கட்டை வெட்டி வைக்கல. அங்க இருந்த தீப்பெட்டியைக்கூட நீங்க பையில போட்டுக்கிட்டு வந்துட்டீங்க.

— நேரமில்லன்னு சொன்னேன்ல!

— நூறு கிலோமீட்டருக்கு வேற கூரை கிடையாது. எவனாவது நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வந்து அடுப்பைத் திறந்தா, வெறும் சாம்பல். இந்த ரோட்டுல திருடன்கூடப் பண்ண மாட்டான் அத்தான் இந்த வேலையை.

— வர்றவனுக்குக் கை இல்லையா? வெட்டிக்கட்டும்.

— வெட்டி, எதை வெச்சுப் பத்த வைப்பான்? குன்னேய்க்கு எட்டு வயசுல அதே குடிசை வாசல்ல கோடாலி பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? 'நாம வெட்டற விறகு நமக்கில்லடி, அடுத்து வர்றவங்களுக்கு'ன்னு சொன்னது யாரு? நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

— இப்ப அவளை எதுக்குடா இழுக்கறே?

— தண்ணி வடிய நாளைக்கு ஆகும். குடிசைக்குத் திரும்ப முப்பது கிலோமீட்டர்தானே. வழியில பட்டமரம் ரெண்டு வெட்டி சைட்கார்ல ஏத்துவோம். போய் அடுக்கிட்டு, அப்படியே சூடா ஒரு டீ...

— அதானே பார்த்தேன். உன் டீக்காகத்தான் இவ்வளவு நியாயமும்.

— டீயும் நியாயந்தான்.

— ஏறித் தொலை. போனோம், போட்டோம், திரும்பினோம். ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேன்.

— மெதுவா! விறகு மேல உட்கார்ந்திருக்கேன், ஆணி அடிச்சா வெச்சிருக்கீங்க என்னை?

— என்னது?

— மெதுவாஆ!

— நேரமில்ல! டேய், அங்க பாரு, குடிசைகிட்ட லாரி! உசரமான லாரி! ஆத்தைத் தாண்டிட்டோம்னு வெச்சுக்கோ!

— ரொம்பக் குதிக்காதீங்க. இஞ்சின் மூடி திறந்து கெடக்கு. டிரைவர் அடியில படுத்திருக்கான், காலு மட்டும் தெரியுது. அத்தான்... கூரையைப் பாருங்க.

— கூரைக்கு என்ன?

— புகையே வரல. உள்ள யாரோ இருக்காங்க, ஜன்னல்ல ஈரத்துணி தொங்குது. நெருப்பு இல்ல.

— சரி சரி, பாக்காதே என்னை அப்படி. கதவைத் தட்டு.

— நீங்க தட்டுங்க. தீப்பெட்டி உங்க பையிலதானே இருக்கு.

— உள்ள யாருங்க? விறகு கொண்டாந்திருக்கோம்!

— இப்பத்தான் வழி தெரிஞ்சுதா விறகுக்கு? கதவைத் தள்ளிக்கிட்டு வாங்க, என் கை விறைச்சுப் போச்சு! அடுப்புச் சாம்பல்ல இன்னும் சூடு இருக்கு, ஒரு குச்சி இல்ல, ஒரு தீப்பெட்டி இல்ல. விறகு வைக்காமப் போறவன் மனுஷனே இல்லன்னு எங்கப்பா சொல்வாரு! எந்தப் பாவி பண்ணின வேலை இது?

— நான்தான்டி குன்னேய், உங்கப்பன்.

— அப்பா! நீயா?

— உன் மாமன் சொன்னான், நான்தான் கேக்கல. அவசரத்துல... நீ முதல்ல கையைக் குடு, இந்தக் கையுறையைப் போடு. உய்குன், சீக்கிரம் பத்த வை!

— பத்த வைக்கிறேன் அத்தான். ஏம்மா, கல்யாணப் பொண்ணு இந்த மழையில இங்க என்ன பண்றே?

— துணி எடுக்க யாகுட்ஸ்க் போயிருந்தேன் மாமா. திரும்பற வழியில அப்பா வீட்டுக்குப் போனேன்.

— என் வீட்டுக்கா? எதுக்கு?

— உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான். பூட்டிக் கெடந்துச்சு. இந்த ஒரு தடவை நீ முன்னாடியே கிளம்பிட்டேப்பா.