வெள்ளைச் சட்டை

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை வாசல். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். இளையவளின் கையில் புதுக் கட்டு.

"ஹெல்மெட்டாலதான்க்கா எங்க வீட்டுக்காரரு விழுந்தாரு" என்றாள்.

"போடாமயா?"

"போடப் போயி. எப்பவும் டேங்க் மேலதான் வச்சிருப்பாரு. டிராபிக் போலீசைக் கண்டாத்தான் மாட்டுவாரு. கோச்சடைகிட்ட தூரத்துல வெள்ளைச் சட்டை தெரிஞ்சுச்சு. வண்டிய நிறுத்தாம ரெண்டு கையையும் விட்டுட்டாரு. ஹெல்மெட் தலையில ஏறுறதுக்குள்ள வண்டி மீடியன்ல மோதிருச்சு. உள்ள கொண்டுபோயி இம்புட்டு நேரமாச்சு, ஒண்ணும் சொல்ல மாட்றாங்க."

"போலீஸ் என்ன சொன்னாங்க?"

"அது போலீசே இல்லக்கா. பஸ்ஸுக்கு நின்னவரு. அவருதான் இவரைத் தூக்கிட்டு வந்தாரு. அந்தா, பெஞ்சுல உக்காந்திருக்காரு."

திரும்பிப் பார்த்தேன். சட்டையில் காலர் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது.