சாம்பாருக்கு வந்த சர்டிபிகேட்

கமலவேணி: ...எடிபிள்னா சாப்பிடலாம்னுதானே அர்த்தம்? அப்ப உங்க மேனேஜருக்கு என் சாம்பார் பிடிச்சிருச்சு!

ஷாந்தினி: முழுசா கேளுங்க, அண்ணி. "எடிபிள், பட் நாட் ஈட்டபிள்"னு மெசேஜ் வந்திருக்கு.

கமலவேணி: ரெண்டும் ஒண்ணுதானே?

ஷாந்தினி: இல்ல லா. எடிபிள்னா... தின்னா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஈட்டபிள்னா, வாயில வைக்கிற மாதிரி இருக்கு.

கமலவேணி: அடப்பாவி! விஷம் இல்லன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கானா?

ஷாந்தினி: ஹஹ்... சாரி, அண்ணி.

கமலவேணி: சிரிக்காதடி. அந்த கேன்டீன் சமையல் வேல எனக்குக் கெடச்சே ஆகணும். ஆயர் குரோவுல உங்க பேக்டரித் தரையத் தொடச்சுத் தொடச்சு முட்டி தேஞ்சு போச்சு. அதே எடத்துல கரண்டி புடிச்சு நிக்கிறேனா இல்லையா பாரு!

ஷாந்தினி: நாளைக்கு மறுபடி கொண்டு போறேன். இப்ப வச்சத ஒரு வாய் பாருங்க.

கமலவேணி: நான் என்னைக்கு ருசி பாத்தேன்? ஜாசின் கோயில் அன்னதானத்துக்குச் சமைச்ச கை இது. படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வைக்கக் கூடாது.

ஷாந்தினி: இது சாமிக்கா? மேனேஜருக்கு!

கமலவேணி: பழக்கம்டி...

ஷாந்தினி: நானே ஊத்தித் தரேன். எனக்காக, ஒரே கரண்டி.

கமலவேணி: உன் தொல்ல... குடு. ம்ம்... உப்பு, புளி எல்லாம் சரியாத்தான் இருக்கு.

ஷாந்தினி: அண்ணி... அதுல நான் சீனியக் கொட்டியிருக்கேன்.

கமலவேணி: சீனியா? இன்னொரு வாய் குடு.

ஷாந்தினி: எப்பலேர்ந்து?

கமலவேணி: தீபாவளிக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சே... அதுலேர்ந்து நாக்குல ஒண்ணுமே தெரியல. கைக்கணக்குலயே ஓட்டிட்டேன். இப்ப கையும் தடுமாறுது.

ஷாந்தினி: எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

கமலவேணி: பயந்தான். சொன்னா உங்கண்ணன் அடுப்புப் பக்கமே விட மாட்டாரு. "போதும், பேசாம தரையவே தொடச்சிட்டு இரு"ம்பாரு. மாட்டேன், ஷாந்தி. நான் சமைக்கத்தான் போறேன்.

ஷாந்தினி: யாரு வேணாம்னா? சட்டிய எறக்குங்க. புதுசா வைங்க. நான் பக்கத்துல நிக்கிறேன், கொறைய நெறைய சொல்றேன்.

கமலவேணி: எத்தன தடவன்னாலும் வைக்கிறேன். ஆனா அந்தாளு ஒரு வாய் தின்னுட்டு வேணாம்னுட்டானே... மறுபடி தொடுவானா?

ஷாந்தினி: அவரு இன்னும் தின்னவே இல்ல, அண்ணி. நேத்து டிபன் கேரியரத் தொறந்து ருசி பாத்தது நான். அந்த மெசேஜும் நான் எழுதுனதுதான்.