கொட்டகைக்குள் ஓடிய மோரிஸ்

சாட்சியின் பெயர் ராசாங்கம், த/பெ பொன்னன், வயது எழுபத்தெட்டு இருக்கும், குரும்பலூர், தொழில் கார் மெக்கானிக். எழுதப் படிக்கத் தெரியாது.

குன்னம் ஏரியில் உருண்டைக் கல் கிடைத்து, டைனோசர் முட்டை என்று சனம் திரண்டு போய்ப் பார்த்து, கடைசியில் அது முட்டையில்லை என்று ஆபீசர்கள் சொன்ன வருடம் அது. கொரோனாவுக்கு நின்ற பஸ் அப்போதுதான் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் குடியிருந்த ரிட்டையர்டு வாத்தியார் செல்வநாதன், அவருக்குச் சமையல் செய்த சாந்தாவை அனுப்பி, பழைய மோரிஸ் காரில் ஸ்டீயரிங் பாக்ஸ் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். அப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அந்த மாதம்தான் காரையும் கொட்டகையையும் சாந்தாவுக்கு எழுதிவைத்தார். புத்தி பேதலித்து எழுதினார் என்று அவர் மகன் அருள் பிரகாஷ் வழக்குப் போட்டிருப்பதால், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கார் பல வருடமாகக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தியிருந்தது. அடியில் ஆயில் குளமாக நின்றது. கிரீஸை அடைத்தால் ஒழுக்கு நிற்கும் என்றேன். "வேணாம்ப்பா, இறுகிப்போனா மருதையாத்துப் பாலத்து வளைவு கைக்குத் தெரியாது" என்றார். ஏதோ பிதற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். நிற்கிற வண்டியில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருக்க வேண்டும், இது தேய்ந்திருந்தது. திருச்சியிலிருந்து சீல் வாங்கிவந்து மாட்டி, ஆயில் ஊற்றினேன்.

"நிக்கிற வண்டி எப்புடி சார் தேயும்?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஏறி ஒக்காரு."

அதன் பிறகு அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சாந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவி போடவில்லை.

"எறையூர் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் வருது சார், ஓரங்கட்டுங்க."

"நெளிஞ்சு நெளிஞ்சு வர்றானா?"

"ஆமா சார், பாட்டு வேற. அவன் மூஞ்சிக்கு டூயட்டு."

வாத்தியார் சிரித்துக்கொண்டே ஒடித்தார். முன்சக்கரம் இரண்டும் காற்றில் திரும்பின. பெரம்பலூர் தாண்டிப் போயிற்று. பாலத்தில் மெதுவாக்கி, "தண்ணி போவுதா?" என்றார். "கணுக்கால் அளவு போவுது சார்" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். அரியலூரில் சிமெண்டு லாரி முன்னால் போனது. தூசிக்கு என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ஏலாக்குறிச்சி மாதா கோயில் வந்ததும் வாத்தியார் ஹேண்ட்பிரேக் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு, கட்டையிலிருந்து இறக்கி ஓட விட்டுத் தரவா என்று கேட்டேன்.

"வண்டி நிக்கிதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? கண்ணு போனவன் ரோட்டுல ஓட்டுனா நாலு பேர் மேல ஏத்திருவேன். இங்க ஒரு கோழிக்குஞ்சு சாவாது" என்றார்.

அவர் புத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான். அருள் பிரகாஷ் தம்பி அந்தக் காரில் ஏறி நான் பார்த்ததில்லை.

சொன்னதைச் சொன்னபடி எழுதி வாசித்துக் காட்டினார்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை, எல்லாம் உண்மை. இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன். அந்த வண்டியில் ஏலாக்குறிச்சி போனவர்கள் நாலு பேர். வாத்தியார் இப்போது உயிரோடு இல்லை. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து ஏறிய என் மனைவி ரெங்கம்மாளும் இல்லை. என் பேச்சை நம்பாவிட்டால், வழி தெரிந்தவள் இன்னும் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். சாந்தா.

(இடது பெருவிரல் ரேகை) ராசாங்கம்